புள்ளி வச்சுச் சொல்லு

"சி ஏ டி கேட், கேட்னா பூனை." முதல் வகுப்பில் நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் பாடியது இது. எனக்கு அந்தப் பாடப் புத்தகம் முழுக்க மனப்பாடம். பக்கத்தைத் திருப்பினால் வாய் தானாக ஓடும். படத்தைக் கையால் மறைத்துவிட்டு நடுவில் ஒரு சொல்லைக் காட்டினால் மட்டும் நின்றுவிடும். ஒரு வருஷம் யாருக்கும் அது தெரியாமலே போனது. இரண்டாம் வகுப்பு டீச்சருக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது.

இந்த மலருக்கு ஒரு கட்டுரை எழுதச் சொன்னதும் எனக்கு அந்த வகுப்பறைதான் கண்முன் வந்தது. இங்கே வெளிநாட்டில் சனிக்கிழமை காலைகளில், ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகள் எட்டுப் பேருக்கு ஆங்கிலம் வாசிக்கவும் எழுதவும் சொல்லித் தருகிறேன். நான் அங்கே செய்வதில் பாதிக்கு மேல் அந்த டீச்சரிடம் கற்றதுதான்.

அன்று அவர் கரும்பலகையில் 'ஃபிம்' என்று ஆங்கில எழுத்தில் எழுதினார். ஆங்கிலத்தில் பொருளே இல்லாத சொல். வகுப்பே வாய் திறக்கவில்லை. பூனை, நாய், சூரியன் எல்லாம் தெரிந்த எங்களுக்கு இந்த மூன்று எழுத்து தெரியவில்லை. அவர் கோபப்படவில்லை. "சரி, முதல்லேர்ந்து ஆரம்பிப்போம்" என்றார். இங்கிலாந்தில் 2012 முதல், முதல் வகுப்புப் பிள்ளைகளிடம் 40 சொற்களைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார்கள். அதில் 20 சொற்களுக்குப் பொருளே கிடையாது. குழந்தை எழுத்தைப் பார்த்து வாசிக்கிறதா, நினைவிலிருந்து ஒப்பிக்கிறதா என்று கண்டுபிடிக்கத்தான். இதைப் பின்னாளில் அறிந்தபோது அந்தக் கரும்பலகைதான் நினைவுக்கு வந்தது.

எழுத்தின் பெயர் வேறு, அதன் ஒலி வேறு. சீ, ஏ, டீ என்பவை பெயர்கள். அவற்றை எவ்வளவு வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் 'சீயேடீ' என்றுதான் வரும், பூனை வராது. ஒலியைச் சொல்ல வேண்டும் என்றதும் நாங்கள் 'க, ஏ, ட' என்றோம். அதுவும் 'கேட' என்று இழுபட்டதே தவிர, சொல்லாகவில்லை. அப்போதுதான் டீச்சர் சொன்னார்: "புள்ளி வச்சுச் சொல்லு."

புள்ளி எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். 'ட' வேறு, 'ட்' வேறு. மெய்யெழுத்து புள்ளியோடு நிற்கும் என்று தொல்காப்பியமே சொல்லியிருக்கிறது. க் என்பதோடு அ சேர்ந்து க ஆவதைச் சிலேட்டில் எத்தனை முறை எழுதியிருப்போம்! அதே வேலைதான் இதுவும். உலகெங்கும் ஆங்கிலம் கற்பிப்பவர்கள் பிள்ளைகளிடம் மன்றாடுவது இதற்காகத்தான்: மெய்யொலியின் வாலில் ஒரு உயிரொலியை ஒட்டாதே. அதை ஒரு புள்ளியால் புரியவைக்க முடிந்த மொழி நம்முடையது. தமிழ் தெரிந்த குழந்தைக்கு ஆங்கிலம் கற்றுத் தருபவர்கள் இதை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்கு இன்றும் ஆதங்கம்தான்.

க், ட், ப் ஆகியவற்றை நீட்ட முடியாது, சொன்னதும் அறுந்துவிடும். ம், ஸ், ன், ஃப் அப்படியல்ல, மூச்சு உள்ளவரை நீளும். ஆகவே 'ம்ம்ம்' என்று தொடங்கும் சொற்களைத்தான் டீச்சர் முதலில் தந்தார். ஒலி அறுவதற்குள் அடுத்ததைப் பிடித்துக்கொள்ள குழந்தைக்கு நேரம் கிடைக்கும்.

எழுதுவதற்கு அவர் வைத்திருந்தது கூழாங்கற்கள். சொல்லைச் சொல்வார், ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு கல்லை நாங்கள் முன்னால் நகர்த்த வேண்டும். 'ஷிப்' என்ற சொல்லுக்கு நான் நான்கு கல் நகர்த்தினேன், எழுத்து நான்கு என்பதால். "கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லு" என்றார். ஷ், இ, ப். மூன்றுதான். எஸ்ஸும் ஹெச்சும் சேர்ந்து ஒரே ஒலி. அந்த நான்காவது கல்லைத் திரும்ப என் பக்கம் இழுத்துக்கொண்டது விரல்நுனியில் இன்னும் இருக்கிறது. வாசிக்கும்போது ஒலிகளைச் சேர்க்கிறோம், எழுதும்போது பிரிக்கிறோம். பிரிப்பதுதான் கஷ்டம். நன்றாக வாசிக்கும் பிள்ளை எழுதத் திணறினால் பெற்றோர் கவலைப்பட வேண்டியதில்லை, கற்களை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று தனியாகச் சில இடறல்கள் உண்டு. பன்றிக்கும் 'பெரிய' என்பதற்கும் உள்ள ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பிக்'தான். நமக்கு அந்த ஒலிகள் வராதவை அல்ல. 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள்: முதல் எழுத்தில் ஒன்று, மூன்றாம் எழுத்தில் மற்றது. ஆனால் ஒரே எழுத்தில் இரண்டும் அடங்கிவிடுவதால் காது அவற்றை ஒன்றாகவே எண்ணிக்கொள்கிறது. டீச்சர் ஒரு காகிதத் துண்டை எங்கள் உதட்டுக்கு முன்னால் பிடிப்பார். பன்றியைச் சொன்னால் காகிதம் துள்ள வேண்டும், பெரியதைச் சொன்னால் சும்மா இருக்க வேண்டும். அப்புறம் 'பென்', 'பேன்' குழப்பம். பேனாவுக்கும் வாணலிக்கும் நடுவே இருப்பது தாடையின் இறக்கம் மட்டுமே. தாடைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு இரண்டையும் சொன்னால் கையே வித்தியாசத்தைக் காட்டிவிடும்.

சொல்லின் கடைசியில் வரும் 'இ' என்ற ஆங்கில எழுத்துக்கு ஒரு மடிப்பு அட்டை. மடித்தால் 'கிட்', விரித்தால் 'கைட்'. கடைசி எழுத்து வாய் திறக்காது, ஆனால் முன்னால் இருக்கும் உயிரெழுத்தை அதன் பெயரைச் சொல்ல வைத்துவிடும். அந்த அட்டையை மடித்து மடித்தே கிழித்தோம்.

விதிக்குள் வராத சொற்களும் இருக்கின்றன. 'சொன்னான்' என்பதற்கான சொல்லை 'செட்' என்று உச்சரித்துவிட்டு நடுவில் ஏ, ஐ என இரண்டு எழுத்து போடச் சொல்கிறார்களே! கேக்ஸ்டன் என்பவர் 1476-இல் இங்கிலாந்தில் அச்சகம் வைத்தபின் எழுத்து மெல்ல மெல்ல நிலைத்தது, உச்சரிப்போ தன் போக்கில் நகர்ந்துவிட்டது. 'முழங்கால்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதல் கே-யை அந்தக் காலத்தில் வாயால் சொல்லவே செய்தார்கள். இதெல்லாம் நான் வளர்ந்தபின் படித்தது. டீச்சர் எங்களிடம் சொன்னது எளிமையானது: "முதலும் கடைசியும் ஒழுங்காத்தான் இருக்கு. நடுவுல மட்டும் ஞாபகம் வச்சுக்கோ." முழுச் சொல்லையும் பயந்து மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

போன மாதம் என் வகுப்பில் ஒரு சிறுமி ரயிலுக்கான சொல்லை சி, ஹெச், ஆர், ஏ, என் என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையை எடுக்குமுன் நானே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். 'ட்ர்' என்று வேகமாகச் சொன்னால் 'ச்ர்' மாதிரிதான் கேட்கிறது. அவள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. எங்கள் டீச்சரும் தப்பில் இருக்கும் சரியை முதலில் சுட்டிக்காட்டிவிட்டுத்தான் மற்றதைத் திருத்துவார். சரியாகக் கேட்ட எழுத்துகளுக்கெல்லாம் ஒவ்வொரு டிக் போட்டேன். அப்புறம் அந்த முதல் ஒலியை வழக்கமாக எப்படி எழுதுவோம் என்று காட்டினேன்.

அதே வகுப்பில் ஒரு பையன் மூன்று மாதமாகப் படத்தைப் பார்த்தே ஊகித்துக்கொண்டிருந்தான், என்னைப் போலவே. டீச்சர் எங்களோடு விளையாடிய விளையாட்டை அவனோடும் விளையாடுகிறேன். அட்டையில் படம் இருக்காது, ஒரு சொல் மட்டும். வாயால் சொல்லக் கூடாது, செய்து காட்ட வேண்டும். சென்ற சனிக்கிழமை அவனுக்கு வந்தது ஹெச், ஓ, பி. நெடுநேரம் அட்டையையே பார்த்தான். உதடு மட்டும் அசைந்தது. ஒருமுறை என் முகத்தைப் பார்த்தான், நான் அட்டையைப் பார்த்தேன். பிறகு எழுந்து நின்று, ஒரு காலை மடக்கிக்கொண்டு, ஒற்றைக் காலில் அறை முழுக்கத் தாவினான்.