டிஸ்சார்ஜ் சம்மரி, ஊசி, கரும்புத் தோட்டம்: கொலஸ்ட்ரால் மாத்திரையை மறுபடி ஆரம்பித்த கதை

வீட்டில் யாருக்காவது இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சின்னக் குழாய்) வைத்திருந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியை இன்றைக்கே நாலு ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் ஒரு போட்டோ பிடித்து வையுங்கள். நெல்லிக்குப்பத்துப் பெரியப்பா தானாக நிறுத்திவிட்ட கொலஸ்ட்ரால் மாத்திரையை மறுபடி ஆரம்பிக்க அலைந்ததில், பாதி அலைச்சல் அந்தக் காகிதத்துக்குத்தான்.

ஸ்டென்ட் வைத்தது புதுச்சேரியில். சம்மரி ஒரிஜினல் இன்சூரன்ஸ் க்ளெய்மோடு போய்விட்டது. எந்த ரத்தக்குழாயில், எந்தத் தேதியில் வைத்தது என்று தெரியாமல் எழுத மாட்டேன் என்றார் கடலூர் டாக்டர். அவரைக் குறை சொல்ல முடியாது. புதுச்சேரி ரெக்கார்டு செக்‌ஷனில் இருந்தவரைத் தாராளமாகச் சொல்லலாம். ஓபி சீட்டை நீட்டினால், "இது ஓபி நம்பர், ஐபி நம்பர் கொண்டாங்க" என்று நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தள்ளிவிட்டார். உள்நோயாளியாகச் சேர்ந்தபோது போட்ட அந்த ஐபி நம்பர் எதில் இருக்கும்? அவர் தர வேண்டிய அதே சம்மரியில்! கடைசியில் ஆஞ்சியோ சிடி உறையின் மேல் ஸ்கெட்ச் பேனாவில் எழுதியிருந்தது கிடைத்தது. நம்பர் கிடைத்த பிறகு அடுத்தது: நோயாளி நேரில் வர வேண்டும், இல்லையென்றால் அவர் கையெழுத்துப் போட்ட கடிதமும் ஆதார் நகலும் வேண்டும். பணம் கட்டும் கவுண்டர் மதியத்தோடு மூடிவிடும். இது எதையும் அங்கே எழுதி ஒட்டவில்லை.

ஏன் நிறுத்தினார் என்பது தனிக் கதை. வீட்டில் திட்டிக்கொண்டே கேட்டபோது "கால் வலிக்குது" என்றார், அவ்வளவுதான். மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிற எனக்கு இந்தப் பதில் பழக்கம். யாரும் மறுத்துப் பேச முடியாத காரணம் என்பதால் எல்லோரும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். நிதானமாகக் கேட்டதில் வேறு இரண்டு வந்தன. ஒன்று, லேப் ரிப்போர்ட். எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 92, பக்கத்தில் "100-க்குக் கீழ் நார்மல்" என்று அச்சடித்திருக்கிறது. "நார்மல் ஆயிடுச்சே, இனிமே என்னாத்துக்குப்பா?" மாத்திரை போட்டதால் வந்த 92 அது. நிறுத்தினால் சில வாரங்களிலேயே பழைய இடத்துக்கு ஏறிவிடும். தவிர, லேப் அச்சடிப்பது பொதுவான அளவு. இந்திய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல்படி, மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர் போன்ற மிக அதிக ஆபத்துள்ளவர்களுக்கு எல்டிஎல் 55-க்குக் கீழே இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் சிவப்பு இல்லையென்றால் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை; டாக்டரிடம் "எனக்கு எவ்வளவு இருக்கணும்?" என்று கேட்டு அந்த எண்ணை ரிப்போர்ட்டிலேயே பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, அட்டை நிறம் மாறிவிட்டது. வேறு கம்பெனி, அதே மருந்து. இவர் "மாத்தி குடுத்துட்டாங்க" என்று ஓரமாக வைத்துவிட்டார். அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விடுங்கள். கீழே பொடி எழுத்தில் அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் என்று "ஸ்டாட்டின்" என முடியும் கொலஸ்ட்ரால் மருந்தின் பெயரையும், பக்கத்தில் உள்ள மில்லிகிராமையும் பாருங்கள்.

நிறம் மாறிய அந்த கேப்சூலில் இன்னொரு வில்லங்கம். அட்டோர்வாஸ்டாட்டினோடு ஆஸ்பிரினும் சேர்ந்தது அது. கொலஸ்ட்ரால் மாத்திரையை மட்டும் விட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஸ்டென்ட்டில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்ததும் கூடவே நின்றுவிட்டது. ஒரு வருடம் தாண்டிய ஸ்டென்ட் என்பதால் தப்பினார். புதிதாக வைத்தவர், அதிலும் ரத்தம் உறையாமல் தடுக்கும் இன்னொரு மருந்தான குளோபிடோகிரெலும் சேர்ந்த மூன்று மருந்து கேப்சூல் போடுகிறவர், இப்படித் திடீரென நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் முதல் வேலையாக ஆஸ்பிரின் 75-ஐத் தனி மாத்திரையாக எழுதினார். "எது போனாலும் இது போகக் கூடாது."

அடுத்தது கால் வலி. ஸ்டாட்டினால் வரும் தசைவலி பெரும்பாலும் ஆரம்பித்த, அல்லது டோஸ் ஏற்றிய சில வாரங்களில் வரும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, தொடை, இடுப்பு, கெண்டைக்காலில் இருக்கும். நிறுத்திய இரண்டிலிருந்து நாலு வாரத்தில் குறைந்துவிட வேண்டும். இவருக்கு மாதக்கணக்கில் நிறுத்தியும் வலி அப்படியே, அதுவும் வலது முட்டியில் மட்டும். இது மாத்திரையால் வந்த வலி இல்லை என்று டாக்டர் பாதி முடிவை அங்கேயே எடுத்துவிட்டார். ஆனாலும் சிகே (தசை பாதிப்பைக் காட்டும் ரத்த டெஸ்ட்), தைராய்டு, எஸ்ஜிபிடி (கல்லீரல் டெஸ்ட்) மூன்றும் பார்க்கச் சொன்னார். தைராய்டு குறைவாக இருந்தால் கொலஸ்ட்ராலும் ஏறும், தசையும் வலிக்கும், ஸ்டாட்டினும் ஒத்துக்கொள்ளாது. எஸ்ஜிபிடி மேல் அளவைவிட மூன்று மடங்கு தாண்டினால்தான் கவலை. ஸ்கேனில் வெறும் கொழுப்புக் கல்லீரல் என்று வந்ததற்காக மாத்திரையை விட வேண்டியதில்லை.

சிகே டெஸ்டில் ஒரு நடை வீணானது. 640 வந்தது. லேபின் மேல் அளவு 200-ஐ ஒட்டி. "பார்த்தியா, தசை உருகுது" என்று பெரியப்பாவுக்கு ஏகப்பட்ட குஷி. மாத்திரையே போடாதவருக்கு எப்படி உருகும் என்று யாரும் யோசிக்கவில்லை. விசாரித்தால், முந்தின நாள் கரும்புத் தோட்டத்தில் நாள் முழுக்க வேலை; அதற்கு முந்தின நாள் முட்டிவலிக்கு இடுப்பில் ஊசி. கடும் உடலுழைப்பும் சிகே-யை ஏற்றும், தசையில் போடும் ஊசியும் ஏற்றும். ஒரு வாரம் தோட்டமும் ஊசியும் இல்லாமல் மறுபடி எடுத்ததில் 150. லேபில் ரத்தம் எடுப்பவர் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார், நாம்தான் கவனிக்க வேண்டும். மாத்திரை போடுகிறவருக்குச் சிகே மேல் அளவைவிடப் பத்து மடங்கு தாண்டினாலோ, உடல்வலியோடு சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனாலோ காத்திருக்கவே கூடாது. மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரி.

மாத்திரையே காரணமில்லாத வலிகள் எவ்வளவு என்பதற்கு லண்டனில் நடந்த சாம்சன் ஆய்வைச் சொல்ல வேண்டும், 2020-இல் வெளிவந்தது. பக்கவிளைவால் ஸ்டாட்டினை விட்ட 60 பேருக்கு ஒரு வருடத்தில் நாலு மாதம் ஸ்டாட்டின், நாலு மாதம் மருந்தே இல்லாத பொய் மாத்திரை, நாலு மாதம் மாத்திரையே இல்லாத வெறும் பாட்டில் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ஸ்டாட்டினில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் பொய் மாத்திரையிலும் வந்தது. வலி நிஜம், கற்பனை என்று ஒதுக்கக் கூடாது. மாத்திரை போடுகிறோம் என்ற பயமே அதைக் கொண்டுவருகிறது. இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது நம்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் ஒத்துக்கொண்டது டாக்டர் டோஸைக் குறைத்ததில்தான். ரோசுவாஸ்டாட்டின் 5, இரண்டு வாரம். தொந்தரவு இல்லையென்றால் 10. ரோசுவாவும் அட்டோர்வாவும் எந்த நேரத்திலும் போடலாம், ராத்திரிதான் என்றில்லை. காலை பிரஷர் மாத்திரையோடு சேர்த்துவிட்டதில் மறதி நின்றது. அட்டோர்வா போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: வயிற்றுப்புண் கிருமிக்கோ சளிக்கோ கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த நாட்களுக்கு ஸ்டாட்டினை நிறுத்தச் சொல்லலாம். நிறுத்துவது நடக்கிறது, மறுபடி ஆரம்பிப்பதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

நிறுத்தியிருந்தபோது 142-க்கு ஏறியிருந்த எல்டிஎல் எட்டு வாரம் கழித்து 76. பெரியப்பா மறுபடி "நார்மல்" என்று ஆரம்பிப்பதற்குள், டாக்டர் 55 என்று எழுதி வட்டம் போட்டார். ஸ்டாட்டின் டோஸை மட்டும் இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் இன்னும் ஆறு சதவீதம் அளவுக்குத்தான் இறங்கும் என்பதால், ரோசுவா 20-ஓடு, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் இன்னொரு மருந்தான எசட்டிமைப் 10-உம் சேர்த்தார். "இன்னொரு மாத்திரையா?" என்று முகம் சுருங்கியது. இரண்டும் ஒரே மாத்திரையாகவே கடையில் கிடைக்கிறது, எண்ணிக்கை கூடவில்லை. அந்த அட்டையும் வேறு நிறம்தான். இந்த முறை அவரே பொடி எழுத்தைப் படித்துப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.