தலைக்கு அறுபது ரூபாய்

“தலைக்கு அறுபதுன்னு சொல்றீங்க. ஞாயித்துக்கிழமை கார்ல வர்ற தலைங்களுக்கு எவ்வளவுங்க?”

குப்பையை உரமாக்கும் கூடத்துக்கான செலவு மதிப்பீட்டைப் பார்த்துவிட்டு, ஏற்காட்டு மலையில் ஓர் ஊராட்சித் தலைவர் கேட்டது. தூய்மை பாரத இயக்கம் (ஊரகம்) இரண்டாம் கட்டத்தில் 5,000 பேர் வரை உள்ள கிராமத்துக்குத் திடக்கழிவுக்கென்று தலைக்கு அதிகபட்சம் 60 ரூபாய், அதற்கு மேல் போனால் 45. இதில் 30 சதவீதத்தை ஊராட்சி தனக்கு வரும் மத்திய நிதிக்குழு மானியத்திலிருந்து போட வேண்டும். ஊரில் 3,000 பேர் என்றால் 1,80,000 ரூபாய். அதில் 54,000 ஊராட்சியின் பங்கு. ஆனால் ஏற்காட்டுக் கோடை விழா நாட்களில் விடுதிகள் கொட்டும் சாப்பாட்டுக் கழிவு எந்தத் தலைக்கணக்கிலும் சேராது.

தொகைக்குள் அடக்க, உரக்கூடத்தின் பக்கச் சுவரையும் குப்பையிலிருந்து கசியும் நீருக்கான வடிகாலையும் எடுத்துவிட்டுக் கூரையை வைத்துக்கொண்டோம். அதைத் தப்பென்று இன்றும் சொல்ல மாட்டேன். கூரையில்லாத தொட்டி ஒரே மழையில் சேறாகிவிடும். ஆனால் மலையில் மழை சாய்ந்து அடிக்கிறது, போதாததற்குப் பனிமூட்டம். குவியலில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டுதான் வர வேண்டும். அதுதான் 50-60 சதவீத ஈரம். ஒழுகினால் உள்ளே காற்று போகாது, சூடு ஏறாது, நாற்றமும் ஈயும்தான். குவியல் ஒரு மீட்டர் உயரமாவது இருந்து 55 டிகிரியைத் தொட்டால்தான் கிருமியும் களைவிதையும் சாகும். குழம்போடு வரும் விடுதிச் சோறு ஒரு கூடைக்கு இரண்டு கூடை காய்ந்த சருகு கலக்க வேண்டும்: சில்வர் ஓக் இலை, காய்ந்த காப்பித் தோல், எது கிடைக்கிறதோ அது. வாரம் ஒருமுறை புரட்டவும் வேண்டும். இருக்கிற தூய்மைக் காவலர்களுக்கு வீடு வீடாகப் போய்க் குப்பை வாங்கவே நேரம் சரியாக இருக்கிறது. சுவர் இருந்திருந்தால் தீர்ந்திருக்குமா? பாதி தீர்ந்திருக்கும்.

மலையில் குப்பைக் கிடங்கு கூடாது, 25 கி.மீ.க்குள் சமவெளியில் இடம் பாருங்கள் என்றன 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள். நியாயம்தான். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறும் வண்டிக்கு டீசல் யார் போடுவது?

விடுதிகள் தங்கள் ஈரக்கழிவை முடிந்தவரை தங்கள் வளாகத்திலேயே உரமாக்க வேண்டும், ஊராட்சி கட்டணமும் வாங்கலாம் என்று தலைவரிடம் சொன்னேன். “வாங்கலாங்க. அதை நம்பி வேலையாள் வைக்க முடியுங்களா?” என்றார். விதிப்படி நான் சொன்னது சரி. அவர் கேட்டதும் சரிதான்.

இப்போது வரும் மதிப்பீடுகளில் சாரல் அடிக்கும் பக்கத்துக்கு மட்டுமாவது மூன்றடி ஹாலோ பிளாக் சுவர், மேலே குரங்குக்கு வலை, சுற்றிலும் வடிகால் கேட்கிறேன். அதே தொகைக்குள் அதற்கு இடம் கொடுக்க உரத் தொட்டியில் ஒன்று குறைகிறது. புரட்டுகிற ஆளின் கூலிக்குத்தான் இன்னும் கணக்கில் தலைப்பு கிடைக்கவில்லை.