முப்பத்து மூன்று

2024 டிசம்பர் 2
விடியற்காலையில் சாத்தனூர் அணையில் வினாடிக்கு ஒரு லட்சத்து 68 ஆயிரம் கன அடி திறந்துவிட்டார்களாம். புயலில் சாயாமல் நின்ற பயிரையும் தென்பெண்ணை ஆறு சாய்த்திருக்கும். அரசூரில் நெடுஞ்சாலையே தண்ணீருக்குள். வயல் பக்கம் போக முடியவில்லை.

டிசம்பர் 3
அரசின் நிவாரண அறிவிப்பு வந்துவிட்டது. நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000. ரேஷன் கார்டுக்கு 2,000. மாடு செத்திருந்தால் 37,500. அம்மா தொழுவத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "நம்மளுது உசுரோட இருக்கு, அது போதும்" என்றாள்.

டிசம்பர் 4
தண்ணீர் வடியவில்லை.

டிசம்பர் 6
இறங்கிப் பார்த்தேன். கிழக்கு ஏக்கர் முழுக்க வண்டல். மேற்கே மேட்டில் பயிர் நிற்கிறது, ஆனால் கதிரைப் பிதுக்கினால் பால் இல்லை. பயிரில் 33 சதவீதம் போயிருந்தால்தான் பணம். 32 போனவனுக்கு ஒன்றும் கிடையாது. நிற்கிற பதரை எதில் சேர்ப்பார்கள்? வரப்பிலிருந்து பார்த்தால் பச்சையாகத்தானே தெரியும்.

டிசம்பர் 9
சேதத்தைக் கணக்கெடுக்க அதிகாரிகள் வந்தார்கள். வரப்பைவிட்டு இறங்கவில்லை. முழங்கால் சேறு, குறை சொல்லவும் முடியாது. மேற்கிலிருந்து ஒரு கதிரை ஒடித்துக் கொண்டுபோய் ஒருவரிடம் கொடுத்தேன். பிதுக்கிப் பார்த்தார், எழுதிக்கொண்டார். எத்தனை சதவீதம் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.
அப்புறம், "பட்டா யார் பேர்ல?"
அப்பா பேரில்தான்.
"அப்ப வாரிசு எல்லாரும் கையெழுத்துப் போடணும். என்ன பயிர்னு காட்டுற அடங்கல், ஆதார், பேங்க் புக்கு."

டிசம்பர் 10
அண்ணனுக்குப் போன் பண்ணவில்லை.

டிசம்பர் 11
பண்ணவில்லை.

டிசம்பர் 13
பண்ணினேன். அம்மா எப்படி, மாடு எப்படி, எல்லாம் கேட்டார். கையெழுத்து என்றதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எவ்வளவுடா வரும்?"
ஹெக்டேர் கணக்கில் கேட்கத்தான் பெரிய தொகை. ஏக்கருக்கு 6,880. இரண்டு ஏக்கருக்கு 13,760. நடவு, உரம், களை என்று நான் போட்டது நாற்பதாயிரத்துக்கு மேல், அதில் பாதி நகையை அடகு வைத்து வாங்கியது. அதைச் சொல்லவில்லை. அவர் கேட்டதும் தப்பில்லை, நிலத்தில் அவருக்கும் பாதி. ஆனால் பயிர் போனது பட்டாவுக்கா, நட்டவனுக்கா? பட்டாவை மாற்று, மாற்று என்று அம்மா ஆறு வருஷமாகச் சொல்கிறாள். பாகம் என்று பேச்சை எடுக்க எனக்குத்தான் வாய் வரவில்லை.
"பொங்கலுக்கு வர்றேன், பேசிக்கலாம்" என்றார்.

டிசம்பர் 17
பக்கத்து வயலுக்கு 60 சதவீதம் எழுதியிருக்கிறார்களாம்.

டிசம்பர் 21
மூன்று அங்குலத்துக்கு மேல் மண் மேவியிருந்தால், அதை அள்ள ஹெக்டேருக்கு 18,000 வரை கொடுக்க விதி இருக்கிறதாம். பையனின் ஸ்கேலை எடுத்துப்போய்க் கிழக்கே ஏழெட்டு இடத்தில் குத்தினேன். எங்கேயும் ஐந்துக்குக் குறையவில்லை. ஸ்கேலைக் கழுவாமல் வைத்துவிட்டேன் என்று பையன் அழுகை. அதற்கும் முதலில் பட்டாதான் கேட்பார்கள்.

டிசம்பர் 28
பேங்கிலிருந்து மெசேஜ். 17 என்று கண்ணில் பட்டதும் வண்டியை ஓரம் கட்டினேன். எஸ்.எம்.எஸ். கட்டணம், 17 ரூபாய் 70 காசு பிடித்திருக்கிறார்கள்.

2025 ஜனவரி 5
மேற்கை அறுத்தோம். எட்டு மூட்டை. போன வருஷம் இதே ஏக்கரில் 27. இப்போது வந்து பார்க்கட்டும், வரப்பில் நின்றே பார்க்கட்டும்.

ஜனவரி 7
அறுப்பு மெஷின்காரருக்குப் பாக்கி.

ஜனவரி 12
அண்ணன் நாளைக் காலை வருகிறார். கையெழுத்துக் காகிதத்தை அம்மா சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். நான் எடுத்து மேஜைமேல் வைத்தேன். திரும்பி வந்து பார்த்தால் மறுபடியும் படத்துக்குப் பின்னால்.