டிஃபெனஸ்ட்ரேஷன் சார்

சார் காலமான செய்தி நம் பள்ளிக்கூட குரூப்பில் வந்த அன்று, இரங்கலுக்கு நடுவே முக்கால்வாசிப் பேர் அந்த ஒரு சொல்லைத்தான் போட்டிருந்தார்கள். ஆளுக்கொரு எழுத்துப்பிழை. சார் இருந்திருந்தால் நம் போன்களையே வெளியே எறிந்திருப்பார்.

காம்போசிஷன் நோட்டு பிடிக்கவில்லை என்றால் ஜன்னல் வழியாகத்தானே திருப்பித் தருவார். என்னுடையது மேல்மாடிக் கடைசி அறையிலிருந்து பறந்து குழாயடிச் சகதியில் விழுந்தது. கீழே பி.டி. பீரியடில் இருந்த ஆறாம் வகுப்புப் பொடியன் ஒருவன் அதை எடுத்துக்கொண்டு மாடியேறி வந்து, "அண்ணே, ஒன் நோட்டு" என்று நீட்டினான். என் சொந்தத் தம்பி. சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

"ஏலே, இதுக்குப் பேரு டிஃபெனஸ்ட்ரேஷன். எழுதிக்கோ" என்றார் சார்.

லத்தீனில் ஃபெனஸ்ட்ரா என்றால் ஜன்னல். அதன் வழியே வெளியே தள்ளுவதுதான் அந்தச் சொல். நாம் சொல்லும் ஜன்னல் போர்த்துகீசியர் விட்டுப்போனது, அது வேறு வழி என்பார். அப்புறம் பிராக் கோட்டைக்குப் போய்விடுவார். 1618 மே 23. புராட்டஸ்டண்ட் பிரபுக்கள் கத்தோலிக்கப் பேரரசரின் அதிகாரிகள் இரண்டு பேரையும், கூட இருந்த பாவத்துக்கு அவர்களுடைய எழுத்தரையும் ஜன்னல் வழியாகத் தள்ளினார்கள். மூவரும் பிழைத்தார்கள். மாதா தாங்கினாள் என்றது ஒரு கட்சி, குப்பைமேடு தாங்கியது என்றது மறு கட்சி. அதிலிருந்து மூண்ட சண்டை 1648 வரை ஓடியது. பிறகு எழுத்தர் ஃபாப்ரிசியஸுக்குப் பிரபு பட்டம் கிடைத்தது. பட்டப்பெயர் ஹோஹென்ஃபால், அதாவது உயர வீழ்ச்சி! சாருக்குப் பிடித்த இடம் இதுதான். "விழுந்ததுக்கே பட்டம் வாங்கிட்டான் பாரு, நீ பாஸாக மாட்டேங்க."

பதவியிலிருந்து ஒருவரைத் திடீரென்று தூக்கினாலும் இப்போது ஆங்கிலப் பத்திரிகைகள் இப்படி எழுதுகின்றன. கம்ப்யூட்டரை இயக்கும் விண்டோஸை அழித்துவிட்டு அதற்குப் பதில் லினக்ஸ் போடுவதற்கும் கம்ப்யூட்டர்காரர்கள் இதையே விளையாட்டாகச் சொல்கிறார்கள். சாரிடம் சொன்னால் ரசித்திருப்பார். சொல்ல வாய்க்கவில்லை.

கடைசியாகப் பாளையங்கோட்டையில் அவர் வீட்டுத் திண்ணையில் பார்த்தபோது, துபாயில் என்ன வசதி என்று கேட்டார். ஆபீஸ் உயரமான கட்டடத்தில், ஏசி என்பதால் ஜன்னல் திறக்காது என்றேன். "அப்ப அங்க வாத்தியார் வேல பாக்க முடியாது" என்றார். ஊருக்கே வந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. அதைச் சொல்லாமல், அடுத்த ஆனித் தேருக்குக் கட்டாயம் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"தேரு வருசா வருசம் ஓடும்லே. நீ வா, பாப்போம்."