ஒரு பந்துக்காக ஓக்லஹோமா வரை

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பேஸ்பாலைப் போன்ற சாஃப்ட்பால் ஆட்டம் ஒன்றை நேரில் பார்க்க, 400 டாலருக்குள் முடித்துவிடலாம் என்று நம்பிக் கிளம்பிய பயணம் 491 டாலரில் வந்து நின்றது. நம்மூர்ப் பணத்தில் ஏறத்தாழ 42,000 ரூபாய். ‘டிவியில் பார்த்தால் காலணா செலவில்லையே’ என்று வழியனுப்பும்போதே சொன்ன என் கணவர், திரும்பி வந்தபின் ஒன்றும் கேட்கவில்லை. வங்கிக் கணக்கை அவரும் பார்ப்பவர்தான்.

இருபது ஆண்டுகளுக்கு முன்பு கோவையில் கல்லூரி சாஃப்ட்பால் அணியில் ஆடியவள் நான். எங்கள் அணியின் ஒன்பது பேருக்கும் சேர்த்து ஆறு கையுறைகளே இருந்தன. ஃபீல்டிங் முடித்துத் திரும்பும் எதிரணியினரிடம் மீதி மூன்றைக் கேட்டு வாங்கி, அவர்களுடைய வியர்வை காயும் முன்பே மாட்டிக்கொண்டு ஆடியிருக்கிறோம். அப்படிப்பட்டவள் டாலஸில் குடியிருந்துகொண்டு, ஏறக்குறைய 200 மைல் தொலைவில் நடக்கும் அமெரிக்கக் கல்லூரிப் பெண்களின் சாஃப்ட்பால் இறுதிப் போட்டியை ஒருமுறைகூட நேரில் பார்க்காமல் இருப்பது எனக்கே உறுத்தலாக இருந்தது. அதிலும் 2025ஆம் ஆண்டு இறுதிக்கு வந்தவை டெக்சாஸ் பல்கலைக்கழகமும் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகமும். அதுவரை இரண்டுமே கோப்பையைத் தொட்டதில்லை. மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்லும் அணிக்கே பட்டம். என் பணப்பைக்கு ஓர் ஆட்டம்தான் கட்டுப்படியாகும் என்பதால், ஜூன் 4ஆம் தேதி நடந்த முதல் ஆட்டத்துக்கு மட்டும் சீட்டு வாங்கினேன். மறுவிற்பனைத் தளத்தில் 118 டாலர் என்று காட்டிய அந்தச் சீட்டு, பணம் கட்டும் பக்கத்துக்கு வந்ததும் ‘சேவைக் கட்டணம்’ சேர்ந்து 151 ஆகிவிட்டது. என்ன சேவை செய்தார்கள் என்று இதுவரை எனக்குப் புரியவில்லை.

போகும்போது பேருந்து. ஃபோர்ட் வொர்த்திலிருந்து ஓக்லஹோமா நகரத்துக்கு ரயில் உண்டு என்றாலும், அது மாலையில் கிளம்பி இரவில் சேர்வதால் ஏழு மணி ஆட்டத்துக்குப் பயன்படாது. அந்தப் பேருந்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. எட்டு மணி வண்டி ஒன்பதே காலுக்குத்தான் வந்தது. ரெட் ஆற்றைத் தாண்டிய சிறிது நேரத்தில் குளிரூட்டி நின்றுபோயிற்று. ஜன்னல்களோ திறக்கவே முடியாதவை. ஆர்டுமோர் அருகே ஓர் எரிபொருள் நிலையத்தில் முக்கால் மணி நேரம் நிறுத்திவைத்த ஓட்டுநர் யாருக்கும் ஒரு விளக்கமும் தரவில்லை. எனக்கு முன்னிருக்கையில் இருந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை இருக்கைகளின் நடுவே நீட்டிக்கொண்டு, ஊர் வந்து சேரும்வரை உறங்கினார். 38 டாலர் கொடுத்து இந்தப் புழுக்கத்தை வாங்கியதற்கு, கூட யாரையாவது சேர்த்துக்கொண்டு காரில் போயிருக்கலாம்.

இறங்கிய எரிச்சல் முழுவதும் ஒரு கிண்ணத்தில் தீர்ந்தது. 1975இல் சைகோன் வீழ்ந்தபின் வந்து குடியேறிய வியட்நாமியர்களால் ஓக்லஹோமா நகரத்தின் கிளாசென் சாலையை ஒட்டி ஓர் ஆசியப் பகுதியே உருவாகியிருக்கிறது. மாட்டிறைச்சிக்குப் பேர்போன இந்த ஊரில் நான் தேடிப் போனது அங்கே கிடைக்கும் கோழி ஃபோவை. பட்டையும் கிராம்பும் அன்னாசிப்பூவும் போட்டுக் கொதிக்கவைத்த சாறு, அதன் அடியில் அரிசி நூடுல்ஸ், தனித்தட்டில் துளசி வகை இலையும் பச்சை மிளகாயும் எலுமிச்சைத் துண்டும். ஆவி முகத்தில் அடித்தபோது வீட்டில் பிரியாணிக்குத் தாளிக்கும் மணம்தான் வந்தது. வாயில் வைத்தாலோ காய்ச்சல் நாளில் அம்மா கொடுக்கும் மிளகு ரசத்தின் இதம். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. இந்தப் பயணத்தில் கொடுத்த விலைக்கு மேல் எனக்குக் கிடைத்த ஒரே பொருள் அந்தச் சாப்பாடு.

நகரத்தின் வடகிழக்கே இருக்கும் டெவன் பார்க் மைதானம் 1987இல் திறக்கப்பட்டது. 1990 முதல், 1996ஐயும் போட்டியே நடக்காத 2020ஐயும் தவிர, இந்தப் போட்டி இங்கேதான் நடக்கிறது. மேலடுக்கு கட்டியபின் ஏறத்தாழ 13,000 பேர் உட்காரலாம். 2028 ஒலிம்பிக் லாஸ் ஏஞ்சலீஸில் நடந்தாலும், அதன் சாஃப்ட்பால் ஆட்டங்களை மட்டும் ஏறத்தாழ 1,900 கிலோமீட்டருக்கு அப்பால் இந்த மைதானத்தில்தான் வைக்கப்போகிறார்கள்.

உள்ளே கொண்டுபோகும் பை கண்ணாடிபோல் தெரிய வேண்டும் என்ற விதியைப் படிக்காமல் போனது என் தவறு. என்னிடம் இருந்ததோ துணிப்பை, அதற்குள் இரவுக்கென்று கட்டி எடுத்துவந்த தயிர்சாதம். தூக்கி எறிய மனம் வராமல், இரு அணிகளின் சட்டைகளும் கடந்துபோகும் நுழைவாயிலுக்கு எதிரே நின்றபடியே, ஊறுகாய் விரலோடு அதைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, துணிப்பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனேன்.

என் பக்கத்தில் ஓக்லஹோமா பல்கலைக்கழக அணியின் கருஞ்சிவப்புச் சட்டையில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார் அமர்ந்திருந்தார். 2021 முதல் தொடர்ந்து நான்கு முறை பட்டம் வென்ற ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தை இரண்டு நாள்களுக்கு முன்புதான் டெக்சாஸ் டெக் 3-2 என்று வெளியேற்றியிருந்தது. “வருத்தமில்லையா?” என்று கேட்டேன். “சீட்டு வாங்கியது ஆட்டத்தைப் பார்க்கத்தானே, கண்ணு” என்பதுபோல் ஒரு பதில் சொல்லி, தம்மிடமிருந்த சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார்.

டெக்கின் பந்துவீச்சாளர் நைஜரி கேனடி, பத்து லட்சம் டாலருக்கு மேல் ஒப்பந்தம் பெற்று ஸ்டான்ஃபோர்டிலிருந்து மாறி வந்தவர். தொலைக்காட்சியில் அவருடைய வேகம் ஓர் எண்ணாகத்தான் தெரியும். நேரிலோ, கை ஒரு முழு வட்டம் சுழன்று இடுப்பை உரசுவதும் கேட்ச்சரின் கையுறையில் பந்து ‘பட்’ என்று அறைவதும் ஒரே கணமாக இருக்கின்றன. எறியும் தூரம் 43 அடி. நம் கிரிக்கெட் ஆடுகளத்தில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. அந்தத் தூரத்தில் மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டி வரும் பந்தை அடிக்க யோசிப்பதற்கே நேரம் கிடையாது.

ஆறாவது இன்னிங்ஸில் டெக் 1-0 என்று முன்னிலையில் இருந்தது. டெக்சாஸுக்கு இரண்டாம், மூன்றாம் பேஸ்களில், அதாவது ரன் எடுக்க ஓடிக் கடக்கும் நிலைகளில், ஆட்கள். அடிக்க வந்தவர் ரீஸ் ஆட்வுட். ஆபத்தான அவரை அடிக்கவிடாமல் முதல் பேஸுக்கு அனுப்பிவிட முடிவு செய்து, கைக்கெட்டாத தூரத்தில் மூன்று பந்துகளை வீசினார்கள். அந்த இடைவெளியில் சிலர் தின்பண்டம் வாங்கக்கூட எழுந்துவிட்டார்கள். நான்காவது பந்து எட்டும் தூரத்துக்குள் வந்துவிட்டது. ஆட்வுட் அதை எட்டி இடப்பக்கமாகத் தட்டிவிட்டார். இரண்டு பேர் ஓடிச் சேர்ந்து இரண்டு ரன் எடுத்தார்கள். ஒரு நொடி மைதானத்துக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை; அதன்பின் எழுந்த ஓசையில் அந்த அம்மையாரின் விதைகள் என் மடியெல்லாம் கொட்டிக் கிடந்தன. டெக்சாஸின் பந்துவீச்சாளர் டீகன் கேவன் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ள, டெக்சாஸ் 2-1 என்று வென்றது. அப்படி ஒரு பந்தை அடிக்கலாம் என்று எங்கள் பயிற்சியாளர் ஒருநாளும் சொல்லித்தந்ததில்லை. முயன்றிருந்தால் மைதானத்தை நாலு சுற்று ஓடவிட்டிருப்பார்.

ஆட்டம் முடிந்ததும் கொள்ளை தொடங்கியது. வரும்போது வாடகைக் கார் செயலியில் 17 டாலர் கேட்ட அதே தூரத்துக்கு இப்போது 61. வெளியே கார்க் கதவில் சாய்ந்து நின்றிருந்த ஒருவர் ‘ரொக்கமாகக் கொடுத்தால் 40’ என்றார். ஏறி உட்கார்ந்து பாதி வழி போனபின், அது தெற்குப் பகுதிக்கான விலை, உங்கள் விடுதிக்கு 60 என்றார். சண்டை போட்டு 52 கொடுத்து இறங்கினேன். அந்த விடுதி அறைக்கே வரியோடு 162 டாலர். படுக்கை விரிப்பில் சிகரெட் ஓட்டை, குளியலறையில் பாதி தீர்ந்த சோப்பு.

மறுநாள் காலை ரயிலில் ஃபோர்ட் வொர்த், அங்கிருந்து உள்ளூர் ரயிலில் டாலஸ். அதற்கு 40 டாலர், சாப்பாட்டுக்கு 31. அன்றிரவு டெக் 4-3 என்று திருப்பிக் கொடுத்ததையும், வெள்ளிக்கிழமை டெக்சாஸ் 10-4 என்று முதல் பட்டத்தை எடுத்ததையும் வீட்டுச் சோபாவில்தான் பார்த்தேன். அந்தக் கடைசி ஆட்டத்தில் கிராண்ட் ஸ்லாம் (ஒரே அடியில் நான்கு ரன்) அடித்த டெக்சாஸின் மியா ஸ்காட், முழங்கால் தசைநார் கிழிந்த நிலையிலேயே ஆடியதாகப் பிறகு தெரியவந்தபோது, 491ஐ 800 ஆக்கியிருந்தாலும் தகும் என்று தோன்றியது. கணவரிடம் சொல்லவில்லை. அடுத்த ஆண்டுக்கான விடுதி அறையை மட்டும் இப்போதே தேடத் தொடங்கியிருக்கிறேன், மைதானத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில்.