கேயாஸ்: எந்த வரையறையிலிருந்து எது வரும்?

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கத்துப் பிள்ளைகள் எம்.எஸ்சி. கணிதப் பாடத்தை ஆங்கிலத்தில் கேட்டு, மலையாளத்தில் விவாதித்து, மனசுக்குள் தமிழில் யோசிக்கிறார்கள். டைனமிக்கல் சிஸ்டம்ஸ் (ஒரு சார்பைத் திரும்பத் திரும்பச் செலுத்தினால் புள்ளிகள் எப்படி நகரும் என்ற பாடம்) தாளில் கேயாஸ் பகுதிக்கு அந்த யோசனையில் ஒரு பழக்கம் சேர்ந்தால் போதும்: 'இதிலிருந்து அது வரும்' என்று எழுதும் முன், எந்த வெளியில் (புள்ளிகள் நகரும் கணத்தில்) என்று எழுதிவிடுங்கள். மார்க் போவது பெரும்பாலும் அங்கேதான்.

கேயாஸுக்கு டெவானி தந்த வரையறையில் மூன்று நிபந்தனைகள்: டிரான்சிட்டிவிட்டி (வெற்றில்லாத எந்தத் திறந்த கணத்திலிருந்தும் ஏதாவது ஒரு புள்ளி வேறெந்தத் திறந்த கணத்துக்கும் சில படிகளில் போய்ச்சேர்வது), பீரியாடிக் புள்ளிகள் (சில படிகளில் தொடங்கிய இடத்துக்கே திரும்புபவை; அந்தப் படி எண்ணிக்கைதான் பீரியட்) எங்கும் அடர்ந்திருத்தல், சென்சிட்டிவிட்டி (எந்தப் புள்ளிக்கும் எவ்வளவு அருகிலும், பிறகு ஒரு நிலையான தூரத்துக்கு மேல் பிரிந்துபோகும் புள்ளி இருப்பது). பரோட்டா மாவை இரண்டு மடங்காக இழுத்து நடுவில் மடிப்பதுதான் டென்ட் சார்பு (0 முதல் 1 வரை: பாதிவரை 2x, அதற்குப் பிறகு 2−2x). அதில் மூன்றும் உண்டு. முதல் இரண்டும் இருந்தாலே மூன்றாவது வந்துவிடும் என்று 1992-இல் பேங்க்ஸும் உடன் நால்வரும் நிறுவினார்கள். சார்பு தொடர்ச்சியானதாகவும், மெட்ரிக் வெளி (தூரம் அளக்கக்கூடிய வெளி) முடிவிலிப் புள்ளிகள் கொண்டதாகவும் இருக்க வேண்டும். ஒரே வட்டமாகச் சுற்றும் ஐந்து புள்ளிகளில் முதல் இரண்டும் உண்டு, சென்சிட்டிவிட்டி கிடையாது.

இந்த நிரூபணத்தைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். பொதுப்புள்ளி இல்லாத இரண்டு பீரியாடிக் பாதைகளை எடுங்கள். அவற்றுக்கு இடையிலுள்ள தூரத்தில் எட்டில் ஒரு பங்கு டெல்டா. எந்தப் புள்ளியை எடுத்தாலும் இரண்டில் ஒரு பாதையாவது அதிலிருந்து 4 டெல்டா தள்ளியிருக்கும். நம் புள்ளிக்கு டெல்டாவுக்குள் இன்னொரு பீரியாடிக் புள்ளியைப் பிடியுங்கள். அதன் பீரியட் எவ்வளவோ, அத்தனை படிகளுக்கும் தூரத்துப் பாதையை டெல்டாவுக்குள் ஒட்டியே போகும் புள்ளிகளின் திறந்த கணம் அடுத்தது. பலர் இங்கே பாதையின் ஒரு புள்ளிக்கு மட்டும் அண்மையகம் எடுத்துவிடுகிறார்கள். டிரான்சிட்டிவிட்டி தரும் படி எண்ணிக்கை பீரியடின் மடங்காக இருக்கும் என்று உறுதியில்லை. அடுத்த மடங்கு வரும்வரை புள்ளி பாதையை விட்டு விலகக்கூடாது. அதற்காகத்தான் அத்தனை படிகளின் வெட்டு. கடைசியில் 4 டெல்டாவில் இரண்டு டெல்டா கழிந்து, இரண்டு புள்ளிகள் 2 டெல்டாவுக்கு மேல் விலகி நிற்கும். அவற்றில் ஒன்றாவது நம் புள்ளியின் பாதையிலிருந்து டெல்டாவுக்கு மேல் விலகியாக வேண்டும்.

மூடிய இடைவெளியில் இன்னும் எளிது: டிரான்சிட்டிவிட்டி மட்டும் இருந்தாலே டெவானி கேயாஸ். இதை வட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். விகிதமுறாக் கோணச் சுழற்சி டிரான்சிட்டிவ். ஆனால் ஒரு பீரியாடிக் புள்ளிகூட இல்லை, தூரமும் மாறுவதில்லை.

லி–யார்க் வரையறை 1975-ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து வந்தது: எண்ணிடமுடியாத ஒரு கணத்தின் எந்த இரு புள்ளிகளும் திரும்பத் திரும்ப நெருங்கி, திரும்பத் திரும்ப விலகினால் லி–யார்க் கேயாஸ். இடைவெளியில் பீரியட் 3 இருந்தாலே அது உண்டு. டென்ட் சார்பில் 2/7, 4/7, 6/7 என்ற சுற்றை எழுதிக்காட்டினாலே போதும். முடிவிலிக் காம்பாக்ட் (மூடிய இடைவெளிபோல, எந்தப் புள்ளித் தொடருக்கும் ஒருங்கும் உட்தொடர் உள்ள) மெட்ரிக் வெளியில் டெவானி கேயாஸ் இருந்தால் லி–யார்க் கேயாஸ் உண்டு. இது 2002-இல் ஹுவாங், யெ நிறுவியது. மறுதலை பொய். பாதி இடைவெளியில் சிறு டென்ட், மீதியில் சார்பின் மதிப்பு சுழியம் என்று வையுங்கள்: லி–யார்க் உண்டு, டிரான்சிட்டிவிட்டி இல்லை.

என்ட்ரோபி (படிகள் கூடக்கூட, வேறுபடுத்தக்கூடிய பாதைகளின் எண்ணிக்கை அடுக்குமுறையில் பெருகும் வீதம்) நேர்மறை என்றால் காம்பாக்ட் வெளியில் லி–யார்க் வரும். அதுவும் 2002-இன் முடிவு. இடைவெளியிலேயே மறுதலை பொய் என்பதற்கு ஸ்மிட்டல் 1986-இல் எடுத்துக்காட்டு கொடுத்தார். அதைக் கட்டும் விதம் நீளமானது, கூற்றை நினைவில் வைத்தால் போதும். இடைவெளியில் என்ட்ரோபி நேர்மறையா என்று பார்க்க, 2-இன் அடுக்காக இல்லாத ஒரு பீரியடைத் தேடுங்கள்.

வாய்மொழித் தேர்வுக்கு ஒன்று: சென்சிட்டிவிட்டி டோபாலஜியின் பண்பல்ல, அதாவது தூரத்தை அளக்கும் விதம் மாறினால் அதுவும் மாறலாம். 1-க்கு மேற்பட்ட எண்களை இரட்டிப்பாக்கினால் தூரமும் இரட்டிக்கும். மடக்கை எடுத்துப் பார்த்தால் அதே சார்பு ஒரு மாறிலியைக் கூட்டுவதாகிவிடும், தூரம் அப்படியே நிற்கும். காம்பாக்ட் வெளியில் இந்தச் சிக்கல் வராது.

ப்ராஜெக்ட்டுக்கு டென்ட் சார்பைக் கணினியில் ஓட்டினால் வழக்கமாக 50, 60 படிகளில் எல்லாம் சுழியத்தில் போய் விழும். அது கேயாஸின் குறையல்ல. எண்ணை 53 பிட்டுகளில் சேமிப்பதால், ஒவ்வொரு படியும் ஒரு பிட்டைத் தள்ளிவிடுகிறது. படம் வரைய 4x(1−x) என்ற லாஜிஸ்டிக் சார்பை எடுத்துக்கொள்ளுங்கள்.