மன்னவனூர் பஸ்ஸில் ஜன்னல் சீட்

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே ஒருவர் லேமினேட் செய்த அட்டையை நீட்டினார். பன்னிரண்டு பாயிண்ட், ஒரே நாள், கார் 2,800 ரூபாய். அம்மா அதை வாங்கி முழுக்கப் படித்துவிட்டு, "இதுல பாதி நான் கல்யாணமான வருஷமே பார்த்தாச்சு தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நாங்கள் மூன்று பேர். அம்மா, எட்டாம் வகுப்புப் படிக்கும் அக்கா மகன், நான். திண்டுக்கல்லில் இருந்து வத்தலக்குண்டு வழியாக அரசு பஸ்ஸில் வந்தோம். 2024 மே மாதத்தில் இருந்து சொந்த வண்டியில் வருபவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டும். பஸ்ஸில் வருபவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு, வார நடுவில் போனதால் ரூம் வாடகையும் பாதிதான். ஆனால் 'வெந்நீர் உண்டு' என்று சொன்ன லாட்ஜில், காலி செய்யும்போது பக்கெட்டுக்கு முப்பது ரூபாய் என்று தனிக் கணக்கு எழுதினார்கள். சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

ஏரியைப் பார்த்ததும் பையன், "இது எரிமலை வாய்தானே மாமா?" என்றான். மொபைலில் எங்கோ ஒரு எரிமலை ஏரியைப் பார்த்திருக்கிறான். இல்லைடா, ஓடைத் தண்ணீரைக் கரை போட்டு மறித்தது, 1863இல் லெவிஞ் என்ற வெள்ளைக்காரக் கலெக்டர் செய்த வேலை என்றேன். மலையே எரிமலை இல்லை. பல்லாவரம் குன்றில் இருக்கிற அதே சார்னோகைட் பாறை, பூமிக்கு அடியில் வெகு ஆழத்தில் வெந்து இறுகியது. பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. வரும் வழியில் பார்த்த வெள்ளி நீர்வீழ்ச்சி இந்த ஏரியின் உபரித் தண்ணீர்தான் என்றதும் கொஞ்சம் தேறினான். படகு ஏறவில்லை. ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர், நடந்தால் காசில்லை. மலை விளிம்பில் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நடக்கிற பாதையான கோக்கர்ஸ் வாக்குக்குக் காலையிலேயே போய்விடுங்கள். நேரமானால் டிக்கெட் வாங்கிக்கொண்டு பனிமூட்டத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான்.

மறுநாள்தான் நான் சொல்ல வந்த விஷயம். கொடைக்கானலைத் தாண்டி மலைக்குள் இருக்கும் மன்னவனூர் கிராமத்துக்குப் போகிற பஸ்.

அது டூரிஸ்ட் பஸ் இல்லை. கண்டக்டர் முதலில் ஏற்றியது பேப்பர் கட்டு, அப்புறம் யாருக்கோ மருந்துப் பை, ஒரு மண்வெட்டிக் காம்பு. ஒவ்வொன்றும் எந்தத் திருப்பத்தில் யார் கையில் போக வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. 1899இல் தொடங்கிய சூரிய ஆராய்ச்சிக்கூடம் தாண்டிப் போயிற்று. பிறகு பைன் காடு, நடு நடுவே யூகலிப்டஸ். கார்காரர்கள் இறங்கி போட்டோ எடுக்கும் இடங்களையெல்லாம் ஜன்னலிலேயே பார்த்துவிட்டோம். அம்மா புளிசாதப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டாள், சூடாக இருக்கிறதாம்.

மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆட்டுப் பண்ணை இருக்கிறது. பாரத் மெரினோ ஆடுகள், கம்பளிக்காக வளர்ப்பவை. புல் சரிவில் அவை மேய்வதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டோம். சாப்பிட்டதோடு நிற்காமல் அம்மா கண்ணை மூடிவிட்டாள். எழுப்ப மனசு வரவில்லை. பஸ் போய்விட்டது.

கேரட் ஏற்றி வந்த பிக்கப் வண்டிக்காரர் ஒருவர் பூம்பாறை வரை ஏற்றிக்கொண்டார். அம்மா முன்னால், நானும் பையனும் மூட்டைகளுக்கு நடுவே. காசு கொடுத்தால் வாங்கவில்லை. "கார்ல வந்திருந்தா ஏத்திருக்கவே மாட்டேன்" என்று சிரித்தார்.

பூம்பாறையைப் பற்றி எல்லோரும் சொல்வது படிப்படியான வயல்களின் அழகு. உண்மைதான். குழந்தை வேலப்பர் கோயிலும் பார்த்தோம். மூலவரைப் போகர் செய்தார் என்பது ஊர் நம்பிக்கை. ஆனால் அம்மா நின்றது பூண்டு விற்கும் ஒரு பாட்டியின் திண்ணை முன்னால். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டு. தாளோடு கொத்தாகக் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். புகை குடித்துத் தோல் பழுப்பேறியிருந்தது. அம்மா ஒன்றை எடுத்துக் கட்டை விரலால் அழுத்தினாள், மோந்தாள், இன்னொன்றை அழுத்தினாள்.

"கிலோ என்னக்கா?"

பாட்டி சொன்ன விலைக்கு அம்மா பாதி கேட்டாள்.

"அதுக்குச் சந்தையில வெள்ளப்பூண்டு கிடைக்கும் தாயி, போய் வாங்கிக்க" என்று பாட்டி கொத்தை மறுபடி ஆணியில் மாட்டப் போனார். அம்மா பர்ஸைத் திறந்தாள். நாற்பது வருஷத்தில் அவள் பேரத்தில் தோற்று நான் பார்த்ததில்லை.

கடைசி பஸ் கொடைக்கானலுக்கு. காலையில் வந்த அதே கண்டக்டர். "அந்த பஸ்ஸை விட்டுட்டீங்கபோல" என்றார், அவ்வளவுதான்.

இப்போது பூண்டு எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் கம்பியில் தொங்குகிறது. கேஸ் அடுப்பில் புகை ஏது, முளைவிட்டுவிடும் என்று அம்மா தினம் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறாள். அந்த நாள் முழுக்க மூன்று பேருக்கும் சேர்த்து பஸ்ஸுக்கு ஆனதைவிட அந்தக் கொத்துக்குத்தான் செலவு அதிகம்.